ராட்டன்பரியின் தொழில் எங்கே நின்றது?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டத்துக்கு ஒரே கேள்வி, உள்ளே மூன்று இருக்கின்றன. கனடாவின் விக்டோரியா நகரத் துறைமுகத்தில் நிற்கும் பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்றத்தையும் பக்கத்தில் உள்ள எம்ப்ரஸ் ஹோட்டலையும் வரைந்தவர் ஒரே ஆளா? அந்தப் பிரான்சிஸ் ராட்டன்பரி 25 வயதில் பொய்யான அனுபவத்தைக் காட்டித்தான் அந்த வேலையைப் பிடித்தாரா? கடைசியில் ஒரு பெண் விவகாரத்தால் தொழில் போய்விட்டதா? முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதற்கு, பொய் சொன்னார், ஆனால் வேலை கிடைத்தது பொய்யால் அல்ல. மூன்றாவதற்கு, இல்லை. அவர் தொழிலைக் கவிழ்த்தது ரயில். காதல் கதை அதற்குப் பத்து வருடம் கழித்து வந்தது. அவர் கொலையுண்ட வழக்கு பரபரப்பாக இருந்ததால் எல்லாரும் பின்னாலிருந்து முன்னால் படிக்கிறார்கள். நாம் வருடக் கணக்கோடு முன்னாலிருந்து போகலாம்.

1867இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தவர். தாய்மாமன்மார் கட்டடக் கலைஞர்கள். பிராட்போர்ட் வட்டாரத்தில் பெயர்பெற்ற லாக்வுட் அண்ட் மாசன் நிறுவனத்தின் வழிவந்த அலுவலகம் அவர்களுடையது. அங்கேதான் பயிற்சி. கட்டடக் கலையில் கல்லூரிப் பட்டம் இல்லை, அந்தக் காலத்தில் அது குறையும் இல்லை. 1892இல் வான்கூவருக்கு வந்து இறங்கியதும் பத்திரிகையில் தன்னைப் பற்றி ஒரு செய்தி வரச் செய்தார்: லாக்வுட் அண்ட் மாசனோடு சேர்ந்து பத்து ஆண்டுகள் எல்லாவகைக் கட்டடங்களும் கட்டியவர் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது அவருக்கு வயது 24. லாக்வுட் இறந்தது 1878இல், அதாவது இவருக்கு 11 வயது நிறையுமுன்பே. அந்த நிறுவனத்தின் பேர் சொல்லும் கட்டடமான பிராட்போர்ட் நகர மண்டபம் 1873இல் திறக்கப்பட்டது. இவர் அப்போது ஆறு வயதுகூட நிறையாத பையன். ஆகவே விளம்பரம் அப்பட்டமான மிகை. ஆனால் பயிற்சி பொய்யல்ல. பெரிய பொதுக் கட்டடங்களின் வரைபடங்கள் நிறைந்த ஓர் அலுவலகத்தில் வளர்ந்தவர் என்பது பிறகு அவர் கோடு போட்ட விதத்திலேயே தெரிகிறது.

அந்த மாகாணத்தில் கட்டடக் கலைஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1920இல்தான் வந்தது. 1892இல் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். சான்றிதழைக் கேட்க ஆளில்லை. இது அவருக்கு வாசலைத் திறந்தது உண்மை. ஆனால் சட்டமன்றப் போட்டி பெயரை மறைத்து நடந்த இரண்டு சுற்றுப் போட்டி. அறுபதுக்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்தன. முதல் சுற்றில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஐந்து பேரும் விரிவாக வரைந்து மறுபடி அனுப்ப வேண்டும். தாளில் பெயர் இருக்காது, புனைபெயர் மட்டும். இவர் போட்டுக்கொண்ட புனைபெயர் ‘ஒரு பி.சி. கட்டடக் கலைஞர்’. பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்து ஓராண்டு ஆகாத மனிதர் வைத்துக்கொண்ட பெயர் அது! உள்ளூர்க்காரருக்கு வேலை தர வேண்டும் என்ற பேச்சு ஊரில் ஓடிக்கொண்டிருந்ததை மோப்பம் பிடித்திருக்கிறார். சாமர்த்தியம் என்று சொல்லலாம், குறுக்குப்புத்தி என்றும் சொல்லலாம். ஆனாலும் 1893 மார்ச்சில் நடுவர்கள் தேர்ந்தது வரைபடத்தைத்தான். பத்திரிகை விளம்பரத்துக்கு அங்கே வேலை இல்லை.

வரைபடம் ஏன் ஜெயித்தது என்பது முகப்பை மட்டும் பார்த்தால் புரியாது, தரைப்படத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் குவிமாடத்தோடு பெரிய கட்டடம். இருபுறமும் தள்ளி ஒவ்வொரு சிறிய கட்டடம். மூன்றையும் தூண்வரிசை நடைபாதைகள் இணைக்கின்றன. இதனால் ஏறத்தாழ 500 அடி நீள முகப்பு கிடைத்துவிடுகிறது. சிறிய மாகாணம் ஒன்று பெரிய அரசு போலத் துறைமுகத்தில் தெரிகிறது. ஆனால் அவ்வளவு நீளத்துக்கும் சுவர் எழுப்பும் செலவு இல்லை. ஓரக் கட்டடத்தில் தீப்பிடித்தால் சட்டமன்றத்துக்குத் தாவாது. தனித்தனிக் கட்டடம் என்பதால் வேலையைப் பிரித்து நடத்தலாம். உள்ளே நுழைந்ததும் குவிமாடத்தின் அடி வட்டக்கூடம், அதே அச்சில் நேராகப் பின்னால் சட்டமன்றக் கூடம். வழி கேட்க வேண்டியதே இல்லை. அரை வட்ட வளைவுகளும் சொரசொரப்பான கல்லும் அந்தக் காலத்து அமெரிக்க ரோமனெஸ்க் பாணி, குவிமாடம் பரோக் பக்கம் சாய்கிறது, அங்கங்கே மறுமலர்ச்சி அலங்காரம். பாணியில் தூய்மை பார்ப்பவர்களுக்கு இது கதம்பம். கப்பலில் வருபவன் கண்ணுக்கு எப்படி நிற்கும் என்று யோசித்துப் போட்ட கதம்பம் என்பது என் கணிப்பு.

அரசியல் பின்னணி ஒன்றைச் சேர்க்காவிட்டால் கதை பாதிதான். தலைநகரத்தை வான்கூவர் தீவில் உள்ள விக்டோரியாவிலிருந்து பெருநிலத்துக்கு மாற்ற வேண்டும் என்ற நெருக்கடி அப்போது இருந்தது. பெருநிலத்தில் வான்கூவர் நகரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1859இல் டீடமன் வரைந்த பழைய அரசுக் கட்டடங்களை ஊரே ‘பறவைக்கூண்டுகள்’ என்று கேலி செய்தது. முதலமைச்சர் தியோடர் டேவிக்கு, பெயர்க்க முடியாத எடையில் ஒரு கட்டடம் விக்டோரியாவில் எழுந்தாக வேண்டும். கல்லால் கட்டிய அரசியல் வாதம் அது.

செலவு மதிப்பீட்டைத் தாண்டியது என்று சொல்லப்படுவது சரிதான். மதிப்பீடு 5 லட்சம் டாலர், முடிந்தபோது ஏறத்தாழ 9.23 லட்சம். முழுப் பழியையும் ராட்டன்பரி மேல் போடுவது எளிது, ஆனால் இப்படிப்பட்ட வேலையில் தொகை எங்கே வீங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். போட்டிக்கான மதிப்பீடு வெறும் கூட்டுக்கான மதிப்பீடு. தளவாடங்கள், உள்வேலையின் பளிங்கு, மின்விளக்கு எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக ஏறும். கல்வேலை, இரும்பு, தச்சு, கூரை என்று வேலை தனித்தனி ஒப்பந்தங்களாகப் போனதால் ஒருவர் தாமதித்தால் அடுத்தவர் சும்மா நிற்பார். கல் எல்லாம் கடல் வழியே வர வேண்டும்: சுவருக்கான ஆண்டிசைட் என்ற வெளிர்சாம்பல் எரிமலைக் கல் வான்கூவர் தீவின் வடகோடிக்கு அருகே உள்ள ஹாடிங்டன் தீவிலிருந்து, அஸ்திவாரக் கருங்கல் நெல்சன் தீவிலிருந்து, கூரைக்கான ஸ்லேட் ஜெர்விஸ் இன்லெட்டிலிருந்து. உள்ளூர்க் கல்லையே பயன்படுத்தியது நல்ல முடிவு. இன்றும் அந்தக் கல்லின் விளிம்புகள் கூராக இருக்கின்றன. ஆனால் குவாரியில் வெட்டியெடுப்பதில் எவ்வளவு தேறும் என்பதை டெண்டர் போடும்போது யாரும் சரியாகக் கணிக்க முடியாது. கல்வேலை ஒப்பந்தக்காரர் பிரடெரிக் ஆடம்ஸ் அங்கேதான் மாட்டினார். கூடுதல் தொகை கேட்டார், ராட்டன்பரி விட்டுக்கொடுக்கவில்லை. 1895 மார்ச்சில் குவாரிக்குப் புறப்பட்ட வெலோஸ் என்ற இழுவைக் கப்பல் மூழ்கியதில் ஆடம்ஸ் இறந்துபோனார். அரசாங்கத்தின் பணத்தைக் காப்பாற்றிய கண்டிப்பு என்று இதைப் படிப்பவர்களும் உண்டு, இளைஞனின் இரக்கமற்ற பிடிவாதம் என்று படிப்பவர்களும் உண்டு. ஒப்பந்த ஷரத்து ராட்டன்பரி பக்கம் இருந்தது என்பதற்கு மேல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆண்டு விழாவுக்காக 1897இல், வேலை முடியுமுன்பே, கட்டடத்தின் விளிம்புகளில் மின்விளக்குகளை ஏற்றினார்கள். இன்றும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விளக்குகள் இரவில் அதே விளிம்புகளை வரைகின்றன. முறையான திறப்பு 1898 பிப்ரவரி 10. அவருக்கு அப்போது வயது 30.

அடுத்த பத்தாண்டு ஏறுமுகம். பேங்க் ஆஃப் மாண்ட்ரியலுக்கு விக்டோரியா, ராஸ்லண்ட், நெல்சன் ஊர்களில் கிளைக் கட்டடங்கள். விக்டோரியாக் கிளை இன்று மதுவிடுதி. நனைமோவிலும் நெல்சனிலும் நீதிமன்றங்கள். கால்கரியில் மாட்டு வியாபாரி பாட் பர்ன்ஸுக்கு ஒரு மாளிகை, அதை இடித்த பிறகு கற்களைக் கொண்டுபோய்ப் பூங்காவில் பாறைத் தோட்டம் போட்டுவிட்டார்கள். கிளாண்டைக் தங்க வேட்டைக் காலத்தில் ஓரா, நோரா, ஃப்ளோரா என்று மூன்று நீராவிப் படகுகளை பென்னட் ஏரியில் விட்ட நிறுவனத்திலும் இவர் கை இருந்தது. இந்தப் படகு விவகாரத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். கட்டடக் கலைஞரின் வழக்கமான கூலி கட்டடச் செலவில் 5 சதவீதம். அதில் பணக்காரர் ஆக முடியாது என்று அவர் சீக்கிரமே முடிவுகட்டிவிட்டார். போக்குவரத்து எங்கே போகிறதோ அங்கே முன்கூட்டியே பணத்தைப் போடுவது என்ற பழக்கம் இங்கே தொடங்குகிறது. பின்னால் அவரைத் தின்றதும் அதே பழக்கம்.

எம்ப்ரஸ் ஹோட்டலுக்கு வருவோம். ஜேம்ஸ் பே என்ற அந்த இடம் அப்போது ஓதம் இறங்கினால் நாறும் சேற்றுத் திட்டு. ஊர்க்குப்பை அங்கே விழும், பக்கத்தில் சோப்புத் தொழிற்சாலை வேறு. மேலே பழைய மரப்பாலம். நகராட்சி பாலத்தை எடுத்துவிட்டுக் கற்சுவரோடு கரை கட்டி, உள்பக்கத்தைத் தூர்த்து, அந்த நிலத்தையும் வரிச்சலுகையையும் தண்ணீரையும் கனடியன் பசிபிக் ரயில்வேக்குக் கொடுத்தது. ரயில்வே ஹோட்டல் கட்ட வேண்டும் என்பது பேரம். அந்த நிறுவனத்தின் மேற்குப் பகுதிக் கட்டடக் கலைஞராக 1901 முதலே ராட்டன்பரி இருந்தார். ஹோட்டலைச் சட்டமன்றத்துக்குச் செங்கோணத்தில் நிறுத்தி, துறைமுகத்தையே ஒரு முற்றம் போல ஆக்கியதுதான் அவருடைய உண்மையான சாதனை என்பேன். செங்கல் முகப்பும் செங்குத்தான ஸ்லேட் கூரையும் அந்த ரயில்வே ஏற்கெனவே கியூபெக்கில் பழக்கிவிட்ட கோட்டைப் பாணி, அதில் புதுமை குறைவு. பெயரைப் பற்றி ஒரு வார்த்தை: நிறுவனத்தின் பசிபிக் கப்பல்கள் ‘எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா’ போன்ற பெயர்களில் ஓடின, ஹோட்டல் பெயர் அந்த வரிசையில் வந்தது.

சேற்றில் இவ்வளவு கனத்தை எப்படி நிறுத்துவது என்று கேட்பீர்கள். நீளமான மர பைல்களை, அதாவது மண்ணுக்குள் இறக்கும் தூண்களை, நெருக்கமாக அடித்து, தலைகளை ஒரே மட்டத்தில் வெட்டி, மேலே அஸ்திவாரம் போட்டார்கள். எப்போதும் தண்ணீருக்குள், காற்றுப் படாமல் இருக்கும் மரம் மட்காது. தண்ணீர் மட்டம் இறங்கித் தலை வெளியே வந்தால்தான் அழுகும். ஆனால் மட்காதது வேறு, அமிழாதது வேறு. ஒரு கோடியில் கெட்டித் தரை சீக்கிரம் கிடைத்து, மறுகோடியில் களிமண் ஆழமாகப் போனால், இரண்டும் ஒரே அளவு இறங்காது. எம்ப்ரஸ் சமமில்லாமல்தான் அமிழ்ந்தது. மேலே தூர்த்த மண்ணின் பாரமும் கீழே உள்ள களிமண்ணைப் பிழிந்துகொண்டே இருக்கும் என்பதால் இது கட்டி முடித்த வருடத்தோடு நிற்கிற சங்கதியும் அல்ல.

1908 ஜனவரியில் ஹோட்டல் திறந்தபோது ராட்டன்பரி அங்கே இல்லை. ரயில்வேயின் ஹோட்டல் நிர்வாகி ஹேய்டர் ரீடும், உள்அலங்காரம் பார்த்த அவர் மனைவி கேட் ரீடும் அறைகளின் அமைப்பை மாற்றச் சொன்னதில் தகராறு. 1906 இறுதியில் விலகிவிட்டார். மிச்ச வேலையும் அடுத்த சில ஆண்டுகளில் வந்த இறக்கைக் கட்டடங்களும் வால்டர் பெயின்டர் கையில் போயின. ஆகவே ‘எம்ப்ரஸ் ராட்டன்பரியுடையது’ என்றால் நடுப்பகுதியின் வெளித்தோற்றமும் இடத்தேர்வும் என்று புரிந்துகொள்ளுங்கள், உள்ளே நீங்கள் நடக்கும் கூடங்கள் எல்லாம் அல்ல.

வான்கூவர் நீதிமன்றமும் இவருடையதே, 1911இல் திறந்தது. இப்போது அது வான்கூவர் கலைக்கூடம். கதம்பத்தை விட்டுவிட்டு அயோனிக் தூண்கள், முக்கோண முகப்பு, நடுக் குவிமாடம் என்று பழைய கிரேக்க, ரோமானியச் செவ்வியல் பக்கம் வந்துவிட்டார். இந்தியர்களுக்கு அந்தக் கட்டடம் வேறு காரணத்தால் நினைவில் இருக்க வேண்டியது: இந்தியக் குடியேறிகளோடு வந்த கோமகாட்டா மாரு கப்பலைத் திருப்பி அனுப்பிய 1914ஆம் ஆண்டின் அக்டோபரில், குடியேற்ற அதிகாரி ஹாப்கின்சனை மேவா சிங் சுட்டது அதன் நடைவழியில்தான்.

இறக்கம் எங்கே தொடங்கியது? முதல் அறிகுறி 1907. சஸ்காட்செவன் மாகாணச் சட்டமன்றத்துக்கு அழைப்பின் பேரில் ஏழு தரப்பினர் மட்டும் கலந்துகொண்ட போட்டியில் ராட்டன்பரியும் ஒருவர். ஜெயித்தது மாண்ட்ரியலின் மேக்ஸ்வெல் சகோதரர்கள், அவர்களில் ஒருவர் பாரிஸில் பயின்றவர். அச்சும் சமச்சீரும் பள்ளிப் பாடமாகப் படித்த தலைமுறை வந்துவிட்டது. மாமன் அலுவலகத்தில் கற்றதை வைத்து இனி எல்லாப் போட்டியிலும் ஜெயிக்க முடியாது.

இரண்டாவது, பெரிய அடி. கனடியன் பசிபிக்கை விட்ட பிறகு அவர் போய்ச் சேர்ந்தது போட்டி ரயில்வேயான கிராண்ட் டிரங்க் பசிபிக்கிடம். அதன் தலைவர் சார்ல்ஸ் ஹேஸுக்கு, வடக்கே பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்தை வான்கூவருக்குப் போட்டியாக எழுப்பும் கனவு. அங்கே பிரம்மாண்ட ஹோட்டலும் நிலையமும் ராட்டன்பரி வரைந்தார். வரைந்ததோடு நிற்காமல், பாதை போகும் நெச்சாகோ பள்ளத்தாக்கு வட்டாரத்தில் நிலத்தை வளைத்து வாங்கினார். குடியேறிகள் ரயிலில் வந்து இறங்குவார்கள், விலை ஏறும், விற்கலாம் என்பது கணக்கு. 1912 ஏப்ரலில் ஹேஸ் டைட்டானிக்கில் மூழ்கினார். 1914 ஏப்ரலில் பாதை முடிந்தது, ஆகஸ்டில் போர் வந்தது. குடியேறிகள் வரவில்லை, நிலம் விற்கவில்லை, வரி மட்டும் வருடாவருடம் வந்தது. 1919இல் ரயில்வே திவால். பிரின்ஸ் ரூபர்ட் ஹோட்டல் எழவே இல்லை. சட்டமன்றத்துக்கு நூலகமும் தெற்குப் பகுதியும் சேர்க்கும் வேலை அவருக்குப் போர்க்காலத்திலும் ஓடியது. அதன் பிறகு பல ஆண்டுகளுக்குச் சொல்லும்படி ஒன்றுமில்லை.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னால் இரண்டாம் மனைவியான ஆல்மா பாக்கன்ஹாமை அவர் சந்தித்தது 1923 டிசம்பரில். அதற்கு முந்தைய ஏழெட்டு ஆண்டுகளே வெறுமையாக இருக்கின்றன. சந்தித்ததற்குப் பிறகுதான் 1924இல் துறைமுகக் கப்பல் நிலையமும், 1925இல் வெந்நீராக்கிய கடல்நீர் நீச்சல்குளத்தோடு கிரிஸ்டல் கார்டன் கண்ணாடிக் கூடமும் முடிந்தன. இரண்டிலும் பெர்சி ஜேம்ஸ் கூட்டாளி, வேலைக்கான வரைபடங்களில் பெரும்பங்கு அவருடையது. யாருக்கு எவ்வளவு பெயர் என்பதில் இருவருக்கும் மனஸ்தாபம் வந்தது. மனைவியை விட்டு ஆல்மாவை மணந்ததும், வீட்டில் இருந்த மனைவியை அவர் நடத்திய விதமும் விக்டோரியாவின் பெரிய மனிதர்கள் கதவைச் சாத்தக் காரணமாயின, சந்தேகமில்லை. ஆனால் சாத்தப்பட்டது ஏற்கெனவே வாடிக்கை குறைந்துபோன கடை.

பிறகு இங்கிலாந்தின் போர்ன்மத் நகரம். 1935 மார்ச்சில் வீட்டு வேலைக்கிருந்த பதினெட்டு வயது ஓட்டுநர் மரச்சுத்தியலால் தாக்கியதில் ராட்டன்பரி இறந்தார். ஓட்டுநரோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட ஆல்மா விடுதலையாகி, சில நாட்களிலேயே தற்கொலை செய்துகொண்டார். ஓட்டுநரின் மரணதண்டனை ஆயுள்தண்டனையாகக் குறைந்தது. கட்டடக் கலைக்கு இதில் ஒன்றும் இல்லை.

கடைசியாக, நேரில் போய்ப் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. இவர் பெயர் சுற்றுலாவுக்கு உதவுவதால் பல வீடுகளின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. டெண்டர் அறிவிப்பு, கையொப்பமிட்ட வரைபடம், பணம் கொடுத்த பதிவு, இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் உறுதி. சட்டமன்றம், வான்கூவர் நீதிமன்றம், வங்கிகள் எல்லாம் அந்த வகை. வான்கூவரில் 1893இல் கட்டிய ரோடி இல்லம் இவருடையது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது, அதைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். விக்டோரியாவின் ஆளுநர் மாளிகையை சாமுவேல் மக்ளூரோடு சேர்ந்து 1903இல் முடித்தார். 1957இல் அது எரிந்துபோனது. இப்போது நிற்பது புதியது, வாசலில் வண்டி நிற்கும் கல் முகமண்டபம் மட்டும்தான் பழையது.